கல்யாண வீட்டுக்கு நான் அனுப்பிய காட்டுப்பன்றி

மணியம் பொய் சொல்கிறான். எட்டு வருடமாக, கூச்சமே இல்லாமல் சொல்கிறான்.

மணியம் என் மனைவியின் தம்பி. வார நாட்களில் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில் மலேசியாவில், ஜொகூர் ரெங்கத்தில் என் வீட்டுச் சோபா. ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஹாலில் குப்புறப் படுத்து, துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்து, என்னை மாதிரி நடித்துக் காட்டுவான். ஒரு கண்ணை மூடுவான். தொந்தியைத் தரையில் அமுக்கி மூச்சை அடக்குவான். சொந்தபந்தம் எல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும். என் பிள்ளைகள்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்திருக்கிறேன். (தொந்தியை மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறான். அது இருக்கட்டும்.)

என் கோபம் அதற்கில்லை. என் கூட்டாளி சாகுலின் மூத்த மகளின் கல்யாண விருந்தை நான் நாசம் செய்தேன். நான்தான் செய்தேன். ஆனால் அந்தப் பழி இன்று சாகுல் தலையில் இருக்கிறது. தூக்கி வைத்தவன் மணியம். அதற்காகப் பேச்சு வாங்குகிறவள் அந்தப் பெண். இது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் முட்டாள்தனத்தில் ஒரு துளியும் குறைக்காமல்.

எனக்கு லாரி ஓட்டும் வேலை. செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டு போவேன். அதோடு ரெங்கத்துக்கு வெளியே நாலு ஏக்கர் சொந்தத் தோட்டம். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்ட வருடத்திலிருந்து காட்டுப்பன்றித் தொல்லை. கன்றைச் சாய்த்துக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்து ஒரு ஷாட்கன் வாங்கினேன்.

எங்கள் பக்கம் பன்றி சுடுவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நாலு பேர் நாய்களோடு ஒரு பக்கமிருந்து விரட்டுவார்கள். துப்பாக்கிக்காரன் மறுபக்கம் அசையாமல் நிற்பான். பன்றி இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் வந்ததும் சுட வேண்டும். சுட்டால் அங்கேயே விழும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: கிட்டே வரட்டும்.

அப்புறம் நான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஆலை வாசலில் லாரி வரிசை நகராத நேரங்களில் கைப்பேசியை எடுப்பேன். அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. குப்புறப் படுத்திருப்பார். கையில் ரைபிள், அதன்மேல் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடிக் குழாய், பக்கத்தில் பைனாகுலரோடு ஓர் ஆள். எங்கோ தூரத்தில் கொயோட்டி என்று ஒரு பிராணி, நம் நரிக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பைனாகுலர் ஆள் மெல்லிய குரலில் தூரத்தைச் சொல்வார், காற்றைச் சொல்வார். இவர் மூச்சை மெதுவாக விடுவார். ஒரு வெடி. அரை மைலுக்கு அப்பால் அது விழும். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொள்வார்கள். வியர்வை இல்லை, ஓட்டம் இல்லை, சேறு இல்லை.

அந்த மாதிரி இருநூறு வீடியோ பார்த்திருப்பேன். முடித்தபோது அவரும் நானும் ஒரே தொழில் என்ற எண்ணம் வந்துவிட்டது.

சில வித்தியாசங்கள் இருக்கத்தான் செய்தன. அவர் கையில் ரைபிள். இங்கே அதற்கு லேசில் லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். என்னிடம் இருந்தது கிட்டத்தில் சுடும் ஷாட்கன். அவர் முன்னால் ஆளே இல்லாத புல்வெளி. என் முன்னால் ஜொகூர்: செம்பனை, ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கிராமம், எங்கள் பேச்சில் கம்பம். இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஸ்கோப் ஒன்று வாங்கி நானே ஸ்குரூ முறுக்கி ஷாட்கன்மேல் பொருத்தினேன். சிதறும் ரவைக்குப் பதிலாக ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டேன். என் குலை லாரிக்கு ஏரோப்பிளேன் இறக்கை கட்டியது மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் அது பறக்கும் என்று தோன்றியது.

மணியம் சிங்கப்பூரில் ஒரு பைனாகுலர் வாங்கி வந்தான். "இனிமே நீங்க ஸ்னைப்பர்லா மாமா" என்றான். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் தாத்தா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து ரெங்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். இப்போது கடை சாகுலுடையது. என் காலைத் தேத்தண்ணி அங்கேதான். அவன் வீடு ஓடைக்கு அப்பால் அந்தக் கம்பத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒருநாள் கடையில் புலம்பினான்: "பன்னி வந்து வீட்டுக்குப் பின்னாடி மரவள்ளிக் கிழங்கெல்லாம் தோண்டிப் போட்டுருச்சு. ஒரு நாளு வந்து பாருப்பா." அவ்வளவுதான் சொன்னான். இந்த ஒரு வரியை நான் மறந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த மணியம் மறக்கவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து சாகுலின் மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. ஞாயிறு மத்தியானம் வீட்டில் விருந்து. மாப்பிள்ளை வீட்டார் பத்து பஹாட் என்ற ஊரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களும் கடை வைத்திருக்கும் குடும்பம், பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்கள். சாகுல் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. "காலையிலேயே வந்துருப்பா. பண்டாரிக்குக் கூடமாட ஆள் வேணும்" என்றான். எங்கள் ஊரில் பண்டாரி என்றால் சமையல்காரர். "விடிஞ்சதும் வந்துருவேன்" என்றேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் தோட்டத்தில் ஏழு கன்று சாய்ந்து கிடந்தது. மணியமும் ஊரில் இருந்தான். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுட்டு, எட்டு மணிக்குக் குளித்து, எட்டரைக்குச் சாகுல் வீட்டில் வெங்காயம் உரிக்கலாம் என்று திட்டம் போட்டேன்.

வழக்கமாக நான் நிற்கும் இடத்திலிருந்து சுட்டால் குண்டு குன்றில் போய்ப் புதையும். ஆனால் அங்கே தூரம் கிடையாது. தூரம் வேண்டுமென்றால் தோட்டத்தின் மேட்டு மூலைக்குப் போக வேண்டும். மேட்டிலிருந்து குறி பார்த்தால் ஓடைப் பக்கம், ஓடைக்குப் பின்னால் கம்பம். இது தப்பு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. உரச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். வெள்ளைக்காரர் வீடியோவில் எறும்பைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. எங்கள் எறும்புகள் சட்டைக்குள் போய் என்னைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டன.

ஏழு மணிக்குப் பன்றி வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? சாகுல் அண்ணன் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கிசுகிசுத்தேன்.

"ஏன் இப்படிப் பேசுறீங்க? நெஞ்சு வலியா?"

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். மணியம்தான் "இன்னும் அஞ்சு நிமிசம் மாமா" என்றான். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

எட்டே முக்கால் மணிக்கு அது வந்தது.

"மாமா, ஓடைக் கரை. பெருசு."

"தூரம்?"

"நூத்தி எம்பது."

(அளக்க அவனிடம் ஒரு கருவியும் கிடையாது. வீடியோவில் சொல்வதால் சொன்னான். வீடியோவில் நம்புவதால் நானும் நம்பினேன்.)

"காத்து?"

"காத்து இருக்கு மாமா."

"எந்தப் பக்கம்லா?"

"எல்லாப் பக்கமும்."

"பின்னாடி ஏதாச்சும் இருக்கா?"

"ஒன்னும் இல்ல. சுடுங்க மாமா, போயிரும்."

மூச்சை மெதுவாக விட்டேன். சுட்டேன். துப்பாக்கி பின்னால் வந்து, ஸ்கோப்பின் விளிம்பு என் புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணில் ரத்தம். மறு கண்ணால் பார்த்தேன். குண்டு பன்றியின் பின் தொடையில் பட்டிருந்தது. அது விழவில்லை. இருநூறு வீடியோவில் ஒன்றில்கூட விழாமல் போனதில்லை, அதனால் விழாத மிருகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கிட்ட நின்று சுட்டிருந்தால் அதன் வலி அங்கேயே முடிந்திருக்கும். இது வீறிட்டுக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, சத்தம் வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஓடியது. ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது.

அப்போதுதான் ஓடைக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. யாரோ மலாயில் எண்ணி மைக் சோதித்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ. சத்து, டுவா, தீகா."

"அலமாக்" என்று பதறினான் மணியம்.

மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மணியம் பின்னால் வருகிறான் என்று நினைத்தேன். ஓடைமேல் போட்ட பலகையைத் தாண்டும்போது அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அது வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சாகுல் வீட்டின் பின்பக்கம் நீலப் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழ் விறகடுப்பில் மூன்று பெரிய பிரியாணி தேக்சாக்கள். ஆட்டுக்கறி மணம் ஓடைக் கரையிலேயே வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வெங்காயக் கூடையை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். பண்டாரி அகப்பையோடு மேஜைமேல் நின்றார். ஒரு தேக்சா கவிழ்ந்து கிடந்தது. மற்ற இரண்டுக்கும் நடுவில், சேறும் ரத்தமும் நாலு பக்கமும் தெறிக்க, பன்றி செத்துக் கிடந்தது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில், விருந்துச் சோற்றின் மேல்.

எல்லோரும் பன்றியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். தோளில் துப்பாக்கி, முகமெல்லாம் ரத்தம், சட்டைக்குள் எறும்பு.

முன்பக்கத்திலிருந்து சாகுல் வந்தான். புதுச் சட்டை, பட்டுக் கைலி, தொப்பி. பன்றியைப் பார்த்தான். தேக்சாக்களைப் பார்த்தான். என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணுல அடி பட்டுருச்சாப்பா?" என்று கேட்டான்.

பண்டாரி மேஜையிலிருந்து இறங்கவே இல்லை. "மூனு தேக்சாவும் போச்சு பாய்" என்றார்.

கம்பத்து இமாம் வந்தார். வயதானவர், அமைதியாகப் பேசுபவர். சோறு எதுவும் ஆகாது, பாத்திரங்களையும் தரையையும் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்று மலாயில் சொன்னார். அதற்கு முன்னால் இது வெளியே போக வேண்டும் என்று பன்றியைக் காட்டினார். அங்கே இருந்தவர்களில் அதைத் தொடக்கூடியவன் நான் ஒருவன்தான்.

பின்பக்க வழி விறகால் அடைந்திருந்தது. முன்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். என்னைவிட எடை கூடிய பன்றியைப் பின்னங்கால்களைப் பிடித்து, பின்னோக்கி நடந்து, குனிந்தபடி இழுத்தேன். விருந்தாளிகளுக்காகப் போட்ட நாற்காலி வரிசைகளுக்கு நடுவே. ஜிகினா தோரணத்துக்குக் கீழே. நாலடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். மைக் பையன்கூட வாயை மூடிவிட்டான்.

பக்கவாட்டுக் கதவில் நஸ்ரின் நின்றாள். கை நிறைய மருதாணி. பிறந்த மூன்றாம் நாள் அவளைத் தூக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு மழையில் நின்றால் என் லாரியில்தான் ஏற்றி வருவேன். அவள் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்குச் சுட்டிருக்கக் கூடாதா மாமா?"

நான் குனிந்து அடுத்த நாலடி இழுத்தேன்.

பன்றியைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, குளித்து, உதவி செய்தே தீருவது என்று என் நிலத்திலேயே நல்ல மண்ணாகப் பார்த்து இரண்டு வாளி வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். இமாம் வாளியைப் பார்த்தார்.

"மண் எங்கிருந்து?" என்று மலாயில் கேட்டார்.

"என் தோட்டத்து மண்தான், நல்ல மண்" என்றேன் பெருமையாக.

"பன்றி வருகிற தோட்டமா?"

நான் வாளியைக் கீழே வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் மான் என் கையிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் மண்வெட்டியால் தன் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் வெட்டினார். நான் தண்ணீர் மட்டும் இறைத்தேன். என் வாளியால் இல்லை.

சாகுல் கடைக்குப் போன் போட்டு, பிசைந்து வைத்த மாவு உருண்டை அத்தனையையும் கொண்டு வரச் சொன்னான். கம்பத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு சோறு வடித்து, முட்டைச் சம்பல், வறுத்த கோழி என்று தட்டுத் தட்டாகக் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டரைக்கு இரண்டு பஸ் வந்து நின்றது. பத்து பஹாட் சம்பந்திகளுக்குக் கல்யாண விருந்தாக, கடையில் காலைப் பசிக்குப் போடும் பரோட்டாவான ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் பரிமாறப்பட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டைப் பார்த்தார், எழுந்தார், பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு ரொட்டியை நாலாகக் கிழித்துவிட்டு ஒரு துண்டையும் வாயில் வைக்கவில்லை.

புருவத்தில் பிளாஸ்திரியோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் காட்டி ஒருவர் கேட்டார்: "யாரு பாய் இந்த ஆளு?"

சாகுல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் கூட்டாளி" என்றான்.

அந்த வாரமே துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. கன்றுகளைச் சுற்றி வேலி போட்டேன். முதலிலேயே போட்டிருக்கலாம். சாகுல் இந்த எட்டு வருடத்தில் ஒரு வார்த்தை திட்டியதில்லை. நானாகப் பேச்செடுத்தால் "விடுப்பா, தேத்தண்ணி ஆறுது" என்பான். நஸ்ரினுக்கு இரண்டு பிள்ளைகள். என்னைப் 'பன்னித் தாத்தா' என்று கூப்பிடுகிறார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். போன மாதம்வரை எல்லாம் சிரிப்பாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் நஸ்ரின் தங்கையின் கல்யாண வேலைக்காக வந்திருந்தாள். "இந்தத் தடவ பிரியாணிக்கு நானே காவல் நிக்கிறேன்" என்று நான் கேலியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"என் மாமியார் வருவாங்க மாமா. மறுபடி ஆரம்பிப்பாங்க."

"என்னா ஆரம்பிப்பாங்க?"

"குழம்புல உப்பு கூடுனாக்கூட அதான். 'கல்யாணத்தன்னிக்கு ஆள் வச்சுப் பன்னி சுட்ட வீடுதான.' அத்தாதான் சுடச் சொன்னாராம்."

"சாகுலு சொன்னான்னு யாரு சொன்னா?"

"மணியம் மாமாதான். அன்னிக்குப் பந்தியில என் மாமியார் கேட்டப்ப சொன்னாரு."

ஓடிப்போனவன் வீட்டில் குளித்து, சட்டை மாற்றி, மத்தியானம் விருந்தாளியாக வந்து ரொட்டி சானாய் தின்றிருக்கிறான். மூன்று தின்றான், நான்தான் தண்ணீர் ஊற்றினேன். தின்றுகொண்டே பழியைச் சாகுல் மேல் தள்ளியிருக்கிறான். மரவள்ளிக் கிழங்குப் பேச்சு அவனுக்கு அங்கே உதவியிருக்கிறது.

சாகுலிடம் போனேன். "உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவன அடிப்ப. அப்பறம் உன் வீட்ல உன் பொண்டாட்டி அழும். எதுக்குப்பா?"

மணியத்திடம் கேட்டேன். "வாயில வந்துருச்சு மாமா. பாயும் பன்னித் தொல்லைன்னு சொன்னாருதான? பழைய கதைலா, விடுங்க" என்றான். அவனுக்குப் பழைய கதை. அவளுக்கு உப்பு கூடும் ஒவ்வொரு நாளும் புதுக் கதை.

அதனால் முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்று சுடுவதற்கு முன்னால் ஸ்கோப்பில் பன்றிக்கு மேலே நீலமாக ஏதோ தெரிந்தது. உரம் மூடிய தார்ப்பாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே யாரும் உரம் வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சுட்டேன். சாகுல் சுடச் சொல்லவில்லை. அன்று நான் சுடப்போவதே அவனுக்குத் தெரியாது. வெங்காயம் உரிக்க வருவேன் என்றுதான் காத்திருந்தான். ஸ்கோப்பின் ஒற்றைக் கண்ணாடிக்குள் எனக்கே பந்தலின் நீலம் தெரிந்தது. பைனாகுலரில் இரண்டு கண்ணாடி வைத்திருந்தவன் "ஒன்னும் இல்ல" என்றான்.

மணியம், அடுத்த மாதம் குளுவாங் டவுன் மண்டபத்தில் நஸ்ரின் தங்கைக்குக் கல்யாணம். உனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. பத்து பஹாட்டிலிருந்து எல்லோரும் வருகிறார்கள். சாகுலிடம் கேட்டுவிட்டேன், வேண்டாம் என்றான், நான் அவன் பேச்சைக் கேட்கப்போவதில்லை. பந்தி ஆரம்பிக்கும் முன்னால் மைக்கை உன் கையில் கொடுப்பேன். நஸ்ரினின் மாமியார் முதல் வரிசையில் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல். பாய் சுடச் சொன்னாரா? அன்று காலை உன் பைனாகுலரில் நீ என்ன பார்த்தாய்?